ஒட்டகத்தின் ஏழாம் எண்

கழுத்தில் கோப்பை உண்டு, கைதட்டத்தான் ஆளில்லை. அது யார், சொல்லுங்கள் பார்ப்போம்? கூடைப்பந்து ஆடும் ஒட்டகம்தான்.

புங்கந்தோப்பு அணியில் பல வருடம் ஆடியும் ஒட்டகத்துக்குக் கோப்பை கிடைக்கவில்லை. போன வருடம் அது யானைகளின் அணிக்கு மாறிப் போனது. இந்த வருடம் ஜெயித்துவிட்டது. இனியாவது தோப்பு தன்னை மதிக்கும் என்ற ஆசையில், கோப்பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தது.

"நாலு யானை பக்கத்தில நின்னா நான்கூட ஜெயிப்பேன், அண்ணே!" என்றது காகம். ஒட்டகம் காதில் விழாததுபோல் நடந்தது.

அன்று முயல்குட்டி முதன்முதலாகப் பந்தைத் தொடும் நாள். அந்த நாளில் குட்டிகள் தமக்குப் பிடித்த வீரரின் பழைய பனியனைத் தாமே எடுத்துப் போட்டுக்கொள்வது தோப்பின் வழக்கம். கொடியில் இரண்டு பனியன்கள் தொங்கின. ஒன்று முள்ளம்பன்றியின் நான்காம் எண், முள் குத்திக் கந்தலாகிப்போனது. மற்றது ஒட்டகத்தின் ஏழாம் எண். ஒட்டகம் போனதிலிருந்து அதை எந்தக் குட்டியும் எடுத்ததில்லை.

ஒட்டகம் குனிந்தது. "பாரு கண்ணு, மாமா ஜெயிச்சுட்டேன்."

முயல்குட்டி கோப்பையைத் தடவிப் பார்த்தது. "நல்லா மின்னுது மாமா. கடைசி ஆட்டத்துல யாரைத் தோற்கடிச்சீங்க?"

ஒட்டகம் நிமிர்ந்துகொண்டது. "நம்ம தோப்பைத்தான்."

"ஓ! முள்ளம்பன்றி மாமா அன்னிக்கு அழுதது அதுக்குத்தானா?"

முயல்குட்டி நான்காம் எண் பனியனை எடுத்துப் போட்டுக்கொண்டது.