மருமகளுக்கு வந்த நோய்

"கல்யாணமாகி வந்ததுல இருந்து இவளுக்கு ஏதாவது ஒண்ணு. இப்ப வெள்ளைப்படுதலாம்," என்றாள் மாமியார், பக்கத்து நாற்காலிக்காரியிடம்.

அருகில் மருமகள் டோக்கன் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளிர் மருத்துவரின் அறைக்கு வெளியே காத்திருந்த அத்தனை காதுகளும் இந்தப் பக்கம் திரும்பின.

மாமியாருக்கு அது போதும். அவள் தையற்காரி, மெஷினில் துணி ஓடுவதுபோல வாய் ஓடும். இந்தக் காலத்துப் பெண்களுக்குச் சுத்தம் தெரியாது, இறுக்கமான உடுப்பு, கண்ட நேரத்தில் குளியல் என்று அடுக்கினாள். தன் காலத்தில் இதற்கெல்லாம் யார் டாக்டரைத் தேடிப் போனார்கள் என்றும் கேட்டாள். பக்கத்து நாற்காலிக்காரி உச்சுக்கொட்டிவிட்டு, மருமகளை மேலும் கீழும் பார்த்து, நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். காற்றிலே ஒட்டிக்கொள்ளும் என்று நினைப்பு.

கூட்டி வந்த புருஷனோ வாசலோடு சரி. பொம்பளைச் சமாசாரமாம், பைக்கின் மேல் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டாள். துவைக்கப் போட்ட துணியில் அந்தக் கறையைப் பார்த்தபோதே அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. புற்றாக இருந்துவிட்டால்? டாக்டரிடம் போயே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். படித்த திமிர் என்றார்கள். மாமியாரை மசியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இப்போது ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினால் கிழவி எழுந்து நடையைக் கட்டிவிடுவாள். பேசித் தொலைக்கட்டும்.

உள்ளே போனதும் டாக்டர் மருமகளைப் பார்த்துத்தான் பேசினார். வெள்ளைப்படுவது பெண்களுக்கு இயல்பு, மாதவிலக்கை ஒட்டிக் கூடும், குறையும், அதற்குப் பயப்பட வேண்டாம். நிறமோ வாடையோ மாறினால்தான் சோதிக்க வேண்டும் என்றார்.

"மாறித்தான் இருக்கு டாக்டர்," மாமியார் முந்திக்கொண்டாள். "முதல்ல தண்ணியாட்டம் இருந்துச்சு. இப்ப சிவப்பு கலந்து வருது. நாத்தம் தாங்கல. அடிவயிறு வேற பிசையுது, இவளுக்கு."

"அவங்களப் பேச விடுங்கம்மா," என்ற டாக்டர், திரைக்குப் பின்னால் இருந்த கட்டிலைக் காட்டினார். "ஏறிப் படுங்க."

மருமகள் அசையவில்லை. மாமியாரின் கைப்பையை மட்டும் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"போங்க அத்தை, படுங்க. மாதவிலக்கு நின்னு இத்தனை வருஷம் கழிச்சு ரத்தம் படுறது உங்களுக்குத்தான்னு டாக்டர்கிட்டயாவது சொல்லிடுங்க."