மூன்றாவதற்கு ஓர் இடம்

இணையப் படிவம் ஒன்றில் நான்கு செடிப் பெயர்கள் வரிசையாக நின்றன. நாற்றுப் பண்ணைக்கு அமுதவல்லி அனுப்பவிருந்த பட்டியல் அது. செம்பருத்தி, நந்தியாவட்டை, பவளமல்லி, கடைசியில் மனோரஞ்சிதம். ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் எண் ஒட்டியிருந்தது.

மனோரஞ்சிதத்துக்குப் பவளமல்லி என்றால் உயிர். ஒரே பால்கனியில் பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் இருக்கப்போகிறோம் என்று இரண்டுக்கும் பேசி மாளவில்லை. அதற்குள் அமுதவல்லியின் மனம் மாறியது. பவளமல்லி மரமாகிவிடுமே என்று அந்த வரியை மட்டும் அழித்துவிட்டு, ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தினாள்.

பண்ணையின் இணைய சர்வர் வாசலில் நின்று எண் சொல்லிக் கூப்பிட்டது. ஒன்று என்றதும் செம்பருத்தி உள்ளே போனது. இரண்டு என்றதும் நந்தியாவட்டை போனது.

“மூன்று!”

யாரும் வரவில்லை. முதுகில் நான்கு என்ற எண்ணோடு மனோரஞ்சிதம் மட்டும் வெளியே நின்றது.

“ஏன்டி முழிச்சிட்டு நிக்கிற?” நந்தியாவட்டை உள்ளேயிருந்து கிசுகிசுத்தது. “நான்தான் மூணுன்னு சொல்லிட்டு ஒரு எட்டு முன்னால வாடி!”

“அது அவ இடம்டி” என்றது மனோரஞ்சிதம். “அவ திரும்பி வந்தா எங்க நிப்பா?”

ஓர் எண்ணுக்குப் பதில் வராவிட்டால் வரிசை அத்தோடு முடிந்தது என்பதுதான் சர்வரின் கணக்கு. அது கதவைச் சாத்திவிட்டது.

நாற்று வண்டி வந்தது. அமுதவல்லி மண் நிரப்பி வைத்திருந்த மூன்று தொட்டிகளில் இரண்டுக்குத்தான் செடி கிடைத்தது.

“சும்மா கிடக்கிற தொட்டியில கீரையாவது போடுங்கக்கா” என்றாள் பக்கத்து வீட்டு ரோகிணி.

“மனோரஞ்சிதம் வந்தா எங்க வைக்கிறது?” என்றாள் அமுதவல்லி, வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே.