பல் பார்க்கும் நேரம்

எட்டயபுரம் ஆட்டுச்சந்தையில் வெயில் சுள்ளென்று ஏறுகிறது. பாண்டிச்செல்வியின் போனில் எம்.பி.ஏ. விண்ணப்பம் கடைசிக் கட்டத்தில் வந்து நிற்கிறது. நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணைப் போட்டாலும் சரி, விட்டாலும் சரி என்கிறது அது. அவள் வாங்கியது நூற்றுக்கு நாற்பத்தொன்று. பன்னிரண்டு மணிக்கு விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள். "ஏட்டி, கயித்த இறுக்கிப் பிடி" என்கிறாள் அம்மா வள்ளித்தாய். திமிறுகிற வெள்ளாட்டின் கயிறு இடது உள்ளங்கையை அறுக்கிறது. மடியையும் முதுகையும் அமுக்கிப் பார்த்த வியாபாரி, வாயைத் திறந்து பார்க்காமலே சரியென்று தலையாட்டுகிறார். ஆட்டுக்கு முன்பல் இரண்டு உடைந்திருப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் விலையைக் குறைப்பார். அம்மா குனிந்து, தானே ஆட்டின் உதட்டை விரிக்கிறாள். "பல்லையும் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி." வியாபாரியின் தலையாட்டல் நின்றுவிடுகிறது. அவர் வாய் திறப்பதற்குள் பாண்டிச்செல்வி வலது கட்டைவிரலால் போனில் மதிப்பெண் கட்டத்தில் நாலைத் தட்டுகிறாள், பிறகு ஒன்றை.