ஆடாத நாற்காலி

“மூணு பேருமே நாற்பத்தெட்டு மணி நேரமா?”

கணக்கெடுக்க வந்தவள் பேனாவை மூடிவிட்டாள். போன வாரம் யார் யார் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார்கள் என்று கடை கடையாகக் கேட்டு எழுதுவது அவள் உத்தியோகம். அலுவலகத்தில் அவளுக்குக் ‘கறார்’ என்று பெயர். அவளிடம் அரை மணி கூட்டிச் சொல்லிவிட்டுத் தப்பியவர் கிடையாது.

“ஆமா மேடம், நாற்பத்தெட்டு,” என்றார் நாற்காலி ரிப்பேர் கடை முதலாளி. அவர் பெருவிரலில் பெரிய கட்டு.

“கடையில இருக்கறதே ரெண்டு நாற்காலி. மூணு தச்சர் வாரம் முழுக்க அதை வச்சு என்ன பண்றாங்க, தாலாட்டுறாங்களா? நீங்க சொல்றதை வச்சுத்தான் இந்த வட்டாரத்துல வேலை கூடுதா குறையுதான்னு மேல சொல்றோம். என் காதுல பூ சுத்தாதீங்க.”

முதலாளி உள்ளே எட்டிப் பார்த்தார். தச்சர்கள் மூவரும் படு மும்முரம். அவளை ஓரமாக அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“ரெண்டு மாசமா ஈ காக்கா வரலை மேடம். அது ரெண்டும் என் வீட்டு நாற்காலி. நானே ஆணியைப் பிடுங்கி, யாரோ கஸ்டமர் கொடுத்ததுன்னு சொல்லிக் கொண்டுவந்து போடறேன்.”

“எதுக்கு இந்தக் கூத்து?”

“வேலை இல்லைன்னு தெரிஞ்சா அந்த மூத்தவர் தானா நின்னுடுவார். ரோஷக்காரர். இன்னொருத்தன் வீட்ல இப்பத்தான் குழந்தை பிறந்திருக்கு. யாரைப் போகச் சொல்றது? வியாபாரம் நிமிர்ற வரைக்கும் ஓட்டிடலாம்னு பார்க்கறேன். வீட்ல நாங்க முறை வச்சு உட்கார்ந்து சாப்பிடறோம், அது தனிக் கதை!”

கறாருக்குச் சிரிப்பு வந்தது. நல்ல மனுஷன்தான். அதற்காகக் கணக்கில் பொய்யை எழுத முடியுமா?

யோசித்தபடியே ஸ்கூட்டரை எடுக்கப் பின்பக்கம் போனவள், அப்படியே நின்றுவிட்டாள். மூத்த தச்சர், சரிசெய்து முடித்த நாற்காலியின் காலைச் சுத்தியலால் தட்டித் தட்டித் தளர்த்திக்கொண்டிருந்தார்.

“என்னங்க அநியாயம் இது! சோறு போடற முதலாளிக்குச் செய்யற நன்றியா?”

“மெல்லப் பேசும்மா, அவர் காதுல விழுந்துடப் போகுது!” தச்சர் பதறிவிட்டார். “இது அவர் வீட்டு நாற்காலிதான். அவர் கல்யாணத்துக்கு நான் செஞ்சு கொடுத்தது, எனக்கு அடையாளம் தெரியாதா? வீட்ல இருக்கிற ஆறும் ரெண்டு சுத்து வந்துட்டுப் போயாச்சு. நாங்க அடிச்ச ஆணியைப் பிடுங்க அவரால முடியலை. போன வாரம் விரலை நசுக்கிக்கிட்டார். அதான், நாங்களே கொஞ்சம் தளர்த்தி அனுப்பிடறோம்.”

“தெரிஞ்சும் ஏன் சும்மா இருக்கீங்க?”

“நான் நின்னுடலாம்தான். ஆனா எங்களுக்காக இத்தனை பாடுபடறவரைத் தோக்க விடலாமா?”

அவள் பேனாவைத் திறந்தாள். வாரம் முழுக்க மூவரும் சுத்தியலும் கையுமாக இருந்தது நிஜம்தானே? எத்தனை மணி நேரம் என்றுதான் மேலே கேட்கிறார்கள். எதற்காக என்று யாரும் கேட்கவில்லை. மூன்று பேருக்கும் நாற்பத்தெட்டு என்றே எழுதினாள்.

அலுவலகத்தில் மேலதிகாரிக்கு வாயெல்லாம் பல்.

“பரவாயில்லையே! எல்லாக் கடையிலும் வேலை நேரம் குறைஞ்சுக்கிட்டே வருது, நாற்காலித் தொழில் மட்டும் கொடிகட்டிப் பறக்குது! அடுத்த வாரமும் இப்படியே இருக்குமா?”

“இருக்கணும் சார்,” என்றவள், அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை மேலும் கீழும் பார்த்தாள். “இது லேசா ஆடுதோ?”

“இதுவா? பாறை மாதிரி இருக்கும்மா!”

சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார். அவள் பியூனிடம் ஒரு ஸ்க்ரூடிரைவர் கேட்டு வாங்கினாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தவர் அலறிக்கொண்டு எழுந்தார். “என்னம்மா இது, இந்த ஆட்டம் ஆடுது!”

“அப்பவே சொன்னேனே சார்,” என்றாள் கறார். “எனக்கு ஒரு நல்ல கடை தெரியும்.”