இரண்டு தட்டு

ஞாயிறு மதியங்களில் பெனடிக்ட் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி நாங்கள் ஆடும் சாகசக் கதையில் ஆளுக்கொரு வேலை உண்டு. ரஷீத் வாள்வீரன், பெனடிக்ட் மந்திரவாதி, நான் காயம் ஆற்றுபவள். நவநீதன் ஒற்றன். எந்தக் கதவுக்குள்ளும் அவன்தான் முதலில் போவான். ஆபத்தில்லை என்று அவன் மேசையில் இரண்டு தட்டுத் தட்டிய பிறகே மற்றவர்கள் நுழைவோம்.

அவன் லாரியில் அடிபட்டுச் செத்து ஏழு ஞாயிறு ஆகிவிட்டது. கதையில் நாங்கள் இன்னும் ஒரு மூடிய கதவின் முன்னால் நிற்கிறோம். வாள்வீரன் ஒரே உதையில் அதை உடைத்துவிடலாம். "இன்னிக்கும் இங்கயே தங்கிடுவோம்," என்பான் ரஷீத். டீ குடித்துவிட்டுக் கலைந்துவிடுவோம்.

இன்று நவநீதனின் மனைவி இளவேனில் வந்து அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இதுல அவரு என்னண்ணா பண்ணுவாரு?"

"முன்னாடி போய்ப் பாப்பான்மா," என்றான் ரஷீத். "பயமில்லேன்னா ரெண்டு தட்டு தட்டுவான். அப்புறம்தான் நாங்க போவோம்."

அவள் மெல்லக் குனிந்து, மேசைமேல் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கையிலிருந்த டீ டம்ளரின் சூடு விரலைச் சுட்டது. டம்ளரை மேசையில் வைக்க எங்களில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை.