கடைசிப் பாட்டின் கரகரப்பு

மூன்றாவது நாளாக வந்து நின்றவரைப் பார்த்ததும் கடைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ரெக்கார்டு பிளேயர் ஊசியை நேரா வைக்கிற அளவுகோல் அட்டையில இருக்கு, கண்ணாடியில இருக்கு, உலோகத்துல இருக்கு. எல்லாம் காட்டியாச்சு. எதுதான் சார் வேணும்?”

“கை நடுங்கினாலும் தப்பு வராத மாதிரி ஒண்ணு.”

“உங்க கை கல்லு மாதிரி இருக்கே. சரி, பிளேயர் என்ன மாடல்?”

“தெரியல. எல்லா ரெக்கார்டுலயும் கடைசிப் பாட்டு கரகரங்குது. மூணு மாசமா உயிர் போகுது.”

“வீட்ல இருக்கிற பிளேயரைப் பார்த்ததே இல்லையா?”

“என் வீட்ல ஏது? மாடி வீட்டுப் பெரியவரோடது. நிறுத்துங்கன்னு சொல்ல மனசு வரல. நாளைக்கு அவருக்குப் பிறந்தநாள், இதையாவது குடுத்துப் பார்க்கறேன்.”