மரிய செல்வத்துக்கு வந்த பெட்டி

“நான் வாங்கலம்மா. ஆனா செம ஆல்பம்! அம்பது வருசம் முன்னாடி வந்த ஸ்பேஸ் ராக் இசைத்தட்டு. டீலக்ஸ் பெட்டியில மறுபடி போட்டிருக்காங்க.”

கோள்கள் படம் போட்ட அந்தப் பெட்டியைத் தடவிய மகனின் கண்ணில் தெரிந்த ஆசையே ஜெசிந்தாவுக்குச் சாட்சியாகப் போதுமானதாக இருந்தது.

“வாங்காமத்தான் கூரியர்ல வந்துச்சா? மரிய செல்வம், மாதா கோயில் தெரு, வரதராஜன்பேட்டைன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. பரீட்சை முடியிற வரைக்கும் பாட்டு, கிட்டார் பக்கம் போகமாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணினியேடா! கெளம்பு, சாமிகிட்ட போவோம்.”

பங்குச் சாமியார் வீடு அடுத்த கட்டடம்தான். போன மாதம்தான் மாற்றலாகி வந்திருந்தார். ஜெசிந்தா பெட்டியை அவர் மேசையில் தொப்பென்று வைத்தாள்.

“பொய்ச் சத்தியம் பண்ணிருக்கான் சாமி. நல்லா கண்டிச்சு விடுங்க.”

சாமியார் பதறிப்போய்ப் பெட்டியை எடுத்து, மூலை நசுங்கிவிட்டதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“உங்க மகன் சத்தியத்தை மீறலம்மா. இது நான் வாங்கினது.”

“மேல இவன் பேருல்ல இருக்கு?”

“என் பேரும் அதுதாம்மா. எல்லாரும் சாமின்னே கூப்பிடுறீங்க, யாருக்குத் தெரியுது?” அவர் பையனைப் பார்த்துச் சிரித்தார். “பரீட்சை முடிஞ்சதும் வாப்பா, சேர்ந்து கேப்போம். கோயில் பாடகர் குழுவுக்கும் ஒரு கிட்டார் வேணும்.”

ஜெசிந்தா மகனின் தலையைக் கோதிவிட்டாள். வாசல் வரை போனவள் திரும்பினாள்.

“அதுவரைக்கும் நீங்க சத்தத்தைக் கொறைச்சு வச்சுக் கேளுங்க சாமி. பக்கத்து வூட்டுல புள்ள படிக்குது.”